வாளிக்கு ஓட்டை போட்ட மனிசன்

வால்தம்ஸ்டோ, லண்டன்
2.2.2024

நகுலேஸ்வரிக்கு,

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் சொன்ன சொல்லை மீறவில்லை. போன செப்டெம்பர் இருபத்தோராம் திகதி காலமை நீர் சூட்கேசோடு வாசலில் நின்றபோது, "இந்தப் படியைத் தாண்டினீரெண்டால் இனி உம்மோடை ஒரு சொல் கதைக்க மாட்டன்" என்றேன். கதைக்க மாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. நாலு மாதமாக உம்முடைய போன் கோல் ஒன்றுக்கும் நான் பதில் சொல்லவில்லை என்பது உமக்கே தெரியும். ஆகவே இது கடிதம். விலாசம் கோசிகா தந்தாள். தரும்போது சிரித்தாள். உம்முடைய மகள்தானே.

அலுவல் இதுதான். இங்கே ஒரு பழைய சலவைக்கடையைத் துருக்கிக் குளியல் கூடமாக மாற்றுகிறார்கள். முதலாளி பெரிவான் என்று ஒரு குர்திஷ் பிள்ளை, நாற்பது வயதிருக்கும், சொந்த இடம் டியார்பகிர். தண்ணீர் வேலையும் சூட்டு வேலையும் முழுக்க என் கையில். குளிக்கிற அறைக்கு நாலுபுறமும் வைக்க ஒன்பது மாபிள் தொட்டிகள் துருக்கியில் கொத்துவித்துக் கப்பலில் வந்தன. பெட்டியை உடைத்துப் பார்த்தால் ஒன்றிலும் தண்ணீர் போகிற ஓட்டை இல்லை. ஒன்பதிலும் இல்லை.

நான் என்ன நினைத்தேன் என்றால், கல்லுக் கொத்தினவன் வேலையை முடிக்காமல் அனுப்பிவிட்டான். பெரிவானிடம் சொன்னால் திருப்பி அனுப்புவா, திறப்புவிழா மூன்று மாதம் பிந்தும். அவ சனிக்கிழமை ஒரு கலியாணத்துக்கு மான்செஸ்டர் போயிருந்தா. அந்த ஒரே நாளில் ஒன்பதுக்கும் நானே ஓட்டை போட்டேன். நாற்பத்தைந்து மில்லிமீற்றர். ஒரு சிராய் உடையவில்லை. முப்பது வருடத்தில் இவ்வளவு வடிவாய் நான் ஒரு வேலை செய்ததில்லை.

திங்கட்கிழமை அவ வந்தா. ஒரு தொட்டிக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தா. பிறகு அப்படியே நிலத்தில் குந்திவிட்டா. ஏசவில்லை. ஏசியிருந்தால் பரவாயில்லை. மாசி முடிய முதல் ஒரு வழி சொல்லச் சொன்னா, இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்க்கப் போகிறாவாம்.

நீர் அங்கே எண்ணூறு வருடத்துக் குளிப்பு மண்டபம் ஒன்றை நாடா பிடித்து அளக்கிறீராம். அந்தத் தொட்டிகளுக்கு ஏன் ஓட்டை இல்லை என்று எழுதும். வேறொன்றும் கேட்கவில்லை.

சண்முகராசா

நற்சீரகம் எந்தப் போத்தலில் இருக்கிறது?


மார்டின், துருக்கி
14.2.2024

கோசிகாவின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. மலையின் நடுவில் இருக்கிற இந்த ஊருக்கு உங்கள் கையெழுத்து வந்து சேரப் பத்து நாள் எடுத்திருக்கிறது. கடித உறையைப் பார்த்ததும் யாருக்கோ ஏதோ நடந்துவிட்டது என்று பயந்து படியிலேயே நின்று பிரித்தேன். வாசித்துவிட்டு முதலில் சிரித்தேன், பிறகு அழுதேன், பிறகு திரும்பவும் சிரித்தேன். வீட்டுக்கார அம்மா சுடுதண்ணீர் கொண்டுவந்து தந்தா.

நான் ஒன்று கேட்கிறேன். வாளிக்கு ஆராவது ஓட்டை போடுவினமோ?

நீங்கள் போட்டிருக்கிறீர்கள். ஒன்றல்ல, ஒன்பது வாளிக்கு.

இஞ்சாருங்கோ, அது கைகழுவுகிற பேசின் இல்லை. அதற்குள் ஒருவரும் கை விடுவதில்லை, முகம் கழுவுவதில்லை. குழாய் திறந்தபடி இருக்கும். தண்ணீர் தொட்டியில் நிரம்பி விளிம்பால் வழியும். பக்கத்தில் இருந்துகொண்டு ஒரு செம்புக் கிண்ணத்தால் அள்ளி மேலில் ஊற்றுவார்கள். மேலில் பட்ட தண்ணீர் நிலத்தில் விழுந்து வாய்க்காலோடு ஓடும், திரும்பத் தொட்டிக்குள் வராது. ஓட்டையும் மூடியும் இருந்தால் சனம் அடைத்துவைத்துத் தேங்கின தண்ணீரில் குளிக்கும். ஓடுகிற தண்ணீர்தான் சுத்தம் என்பது இவர்களின் எண்ணம். செம்பில் வாய் வைக்காமல் அண்ணாந்து குடிக்கிற ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்த வேணுமோ? கிணற்றடியில் வாளியால் அள்ளி ஊற்றிக் குளித்து வளர்ந்தவர் நீங்கள். லண்டன் பேசின்கள் உங்கள் மூளையைக் கழுவிவிட்டன.

நான் அளக்கிற கூடம் மூன்று அறை. முதல் அறையில் உடுப்பு மாற்றுவது, இரண்டாவதில் மெல்லிய சூடு, மூன்றாவதில் நல்ல சூடு. கதவுகள் சின்னன், ஒன்றுக்கு நேரே ஒன்று இராது. சூடும் வெளியே போகாது, தெருவில் போகிறவனின் கண்ணும் உள்ளே வராது. பெண்களின் நேரம் வந்தால் வாசலில் ஒரு துணியைத் தொங்கவிடுவார்கள். அந்தத் துணியைக் கண்டால் கட்டினவனே ஆனாலும் உள்ளே வரக்கூடாது.

பெரிவானுக்கு இந்தக் கடிதத்தை அப்படியே மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். வாளிக் கதையையும் விடாதீர்கள். தெரிந்து செய்த பிழை இல்லை, தெரியாத்தனம் என்று அவவுக்கு விளங்கும்.

நகுலேஸ்வரி

மூன்றாம் தட்டு, மஞ்சள் மூடி. பச்சை மூடியில் இருப்பது பெருஞ்சீரகம். நாலு மாதமாக அதையோ ரசத்துக்குப் போட்டீர்கள்?


வால்தம்ஸ்டோ
26.2.2024

நகுலேஸ்வரிக்கு,

ஓம், அதைத்தான் போட்டேன். ரசம் ஏன் மிட்டாய் மாதிரி இருக்கிறது என்று யோசித்தேன்.

கடிதத்தைப் பெரிவானுக்கு வாசித்தேன். வாளிக் கதையை விட்டுவிட்டு வாசிக்கப் பார்த்தேன். "இந்த இடத்திலை ஏன் முழுங்கிறீங்கள்?" என்று கேட்டா. சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. அவவின் அம்மம்மாவும் தொட்டிக்குள் கை விட்ட பிள்ளைகளுக்குக் கிண்ணத்தால் அடிப்பாவாம். சித்திரை கடைசி மட்டும் தவணை தந்திருக்கிறா. உங்கள் மனிசி என்ன படித்தவ என்று கேட்டா. நான் கதையை மாற்றிவிட்டேன். எனக்கும் சரியாய்த் தெரியாது என்பதுதான் உண்மை.

இப்போது சிக்கல், ஓட்டையை எப்படி அடைப்பது. வெட்டி எடுத்த ஒன்பது கல் வட்டையும் ஒரு பிஸ்கற் டின்னில் வைத்திருக்கிறேன். எதையும் எறியாத குணத்துக்கு நீர் எத்தனை நாள் ஏசியிருப்பீர். ஆனால் துளை போட்ட பிட் தின்ற அளவுக்கு வட்டு சிறுத்துப்போயிற்று. சுற்றிவர மூன்று மில்லிமீற்றர் இடைவெளி. பசை போட்டு நிரப்பினால் ஒரு வருடத்தில் மஞ்சளாகும், அசிங்கமாய் இருக்கும்.

இன்னொன்று. சூட்டறைக்கு மேலே கவிழ்த்துவைத்த சட்டி மாதிரி ஒரு கூரை வேண்டும் என்று பெரிவான் ஒற்றைக் காலில் நிற்கிறா. தட்டையாய் அடித்தால் இரண்டு நாள் வேலை, வளைவென்றால் மூன்று கிழமை. வீண் சோடினை, வெறும் அலங்காரம் என்று நான் சொன்னேன். உமக்கென்ன படுகிறது?

சண்முகராசா


மார்டின்
9.3.2024

கோசிகாவின் அப்பாவுக்கு,

கூரையில் கை வைக்காதீர்கள். அந்தப் பிள்ளை சொல்வதுதான் சரி. சூட்டறையில் ஆவி மேலே போய்க் கூரையில் தண்ணீராய்ப் படியும். கூரை தட்டை என்றால் ஒவ்வொரு சொட்டும் குளிர்ந்து, படுத்திருக்கிறவரின் நடுமுதுகில் விழும். வளைவென்றால் சொட்டு கூரையைப் பிடித்துக்கொண்டு ஓரமாய் வழுகிச் சுவரோடு இறங்கிவிடும். இங்கே சோடினை என்று ஒன்றும் இல்லை. கூரையில் சின்னச் சின்ன வட்டமாய்க் கண்ணாடி பதித்திருக்கிறார்கள். அதற்கு யானைக்கண் என்று பெயர். வெளிச்சம் வரும், எட்டிப் பார்க்க ஏலாது.

சூட்டறைக்குப் பின்சுவரில் அடுப்பறை. அங்கே விறகு எரித்தால் சூடு நிலத்துக்குக் கீழே போய், சுவருக்குள் இருக்கிற குழாய்களால் ஏறும். அடுப்புக்காரன் குளிக்கிறவர்களைக் காணவே மாட்டான். நடுச்சுவரில் ஒரு சின்னப் பொந்து இருக்கிறது. சூடு காணாவிட்டால் உள்ளே இருப்பவர்கள் கிண்ணத்தால் மூன்று தட்டுத் தட்டிச் சத்தம் போடுவார்களாம், அவன் விறகைக் கூட்டுவானாம். முகம் தெரியாமல் ஒரு ஊரையே சூடாக்கின மனிசன். ஒரு பழைய குறிப்பில் இதை வாசித்தபோது உங்களைத்தான் நினைத்தேன்.

இனி உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. போன கிழமை மூலையில் இருந்த தொட்டியைச் சுரண்டித் துப்புரவாக்கினோம். அடியில் வட்டமாய் ஒரு தடம். ஓட்டை! யாரோ போட்ட ஓட்டை. வேறெங்கோ நீரூற்றுக்குக் கீழே கிடந்த தொட்டியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்கிறார் எங்களைப் படிப்பிக்கிற பேராசிரியர். பொருந்துகிற கல் வட்டொன்றை வைத்துச் சுற்றிவர ஈயம் உருக்கி ஊற்றியிருக்கிறார்கள். இன்றைக்கும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. நீங்கள் ஈயம் போடாதீர்கள், அது நஞ்சு. ஆனால் உலோக வளையம் என்ற யோசனையை எடுங்கள்.

கேட்காத ஒன்றையும் எழுதுகிறேன். ஜேர்மனியிலிருந்து வந்து அப்டன் பார்க்கில் கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருந்தோமே, அப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் பொயிலர் திருத்தப் போகிற வீடுகளுக்கு நானும் வருவேன், ரோர்ச் லைற் பிடிக்க. நீங்கள் சுவரில் காதை வைத்து, "இதிலை தண்ணி ஓடுது, இதிலை நிக்குது" என்பீர்கள். ஒரு கட்டடத்துக்குள் இவ்வளவு நடக்கிறது என்று எனக்குக் காட்டினது நீங்கள். பிறகு பதினெட்டு வருடம் ஒவ்வொரு அலுவலகமாய்க் கூட்டித் துடைத்தேன். அந்த நேரமெல்லாம் நான் சுவர்களைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐம்பது வயதில் படிக்க ஆசையாய் இருக்கிறது என்று முதன்முதல் சொன்னதும் நீங்கள் கோசிகாவின் மாமியார் வீட்டாருக்கு முன்னால், "குளிக்கிற அறைக்கு ஒரு படிப்போ, என்னைக் கேட்டால் சும்மா சொல்லியிருப்பன்" என்று சொல்லிச் சிரித்தீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து எனக்கு உள்ளே இருந்த சூடு ஆறிப்போயிற்று.

இங்கே இன்னும் இரண்டு வருடம் நின்று ஆராய்ச்சிப் படிப்பாய்ச் செய்யலாம் என்று பேராசிரியர் கேட்டிருக்கிறார். வைகாசி நடுப்பகுதிக்குள் பதில் சொல்ல வேணும். நான் இன்னும் சொல்லவில்லை. உங்களைக் கேட்காமல் சொல்ல மனம் வரவில்லை.

நகுலேஸ்வரி


வால்தம்ஸ்டோ
24.3.2024

நகுலேஸ்வரிக்கு,

பித்தளை. கல்லுக்கும் வட்டுக்கும் நடுவில் மூன்று மில்லிமீற்றர் பித்தளை வளையம். நானே கடைந்தேன். முதல் மூன்றும் பிழைத்துப்போயின, நாலாவது கத்தி விடவும் இடமில்லாமல் இறுகிற்று. ஒன்பதும் முடிந்தது. தண்ணீர் நிரப்பி ஒரு நாள் முழுக்க வைத்தேன், ஒரு கசிவு இல்லை. வெள்ளை மாபிளுக்கு நடுவில் மஞ்சள் வளையம் மின்னுகிறது. பெரிவான் பார்த்துவிட்டு, முதலே இப்படிக் கேட்டிருக்கலாம் போல இருக்கிறது என்றா. கூரையையும் வளைக்கிறேன். பொந்துக் கதையை அவவுக்கு வாசித்தது பிழையாய்ப் போயிற்று. இப்போது பொயிலர் அறைச் சுவரிலும் அப்படி ஒன்று வேணுமாம்.

சித்திரை இருபத்தேழு, சனிக்கிழமை திறப்பு. திறக்கிற அன்றைக்குப் பெண்களுக்கு மட்டும்.

என்னுடைய பக்கத்தையும் நீர் கேட்க வேணும். நீர் விண்ணப்பம் போட்டதும், நேர்முகத்துக்குப் போனதும், இடம் கிடைத்ததும் எனக்குத் தெரியாது. பல்கலைக்கழகக் கடிதம் என் கையில் கிடைத்துத்தான் தெரியும். கோசிகாவுக்குத் தெரியும், அவளின் புருசனுக்குத் தெரியும், முன்வீட்டு அருள்நாயகி அக்காவுக்குக்கூடத் தெரியும். அவ தெருவில் மறித்து, "மனிசி படிக்கப் போறாவாம், பெருமைதானே" என்றா. நான் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு என் வேலை வண்டிக்குள் ஏறி அரை மணித்தியாலம் சும்மா இருந்தேன். திரும்பவும் சிரிப்பேன் என்று பயந்து ஒளித்தீர். சரி. சிரித்தேன்தான். ஆனால் நீர் சொன்ன ஆட்கள் ஒருவரும் உமக்கு ரோர்ச் பிடிக்க விடவில்லையே, நான்தானே விட்டேன். எனக்கல்லவா முதலில் சொல்லியிருக்க வேணும்.

அன்றைக்கு அவர்களுக்கு முன்னால் சிரித்தது பிழை. நாலு நாளாய் இந்த வரியை எழுதுகிறேன், வெட்டுகிறேன். வெட்டாமல் விடுகிறேன்.

சண்முகராசா


மார்டின்
6.4.2024

கோசிகாவின் அப்பாவுக்கு,

பித்தளை வளையத்தின் படம் கோசிகா அனுப்பினாள். பேராசிரியருக்குக் காட்டினேன். இதைச் செய்தது யார் என்று கேட்டார். என் மனிசன் என்று சொன்னேன். சொல்லும்போது எனக்குச் சரியான பெருமையாய் இருந்தது, அதை மறைக்கப்போவதில்லை.

உங்களுக்கு முதலில் சொல்லாதது என் பிழை. நீங்கள் வெட்டாமல் விட்டதுக்குப் பதிலாய் நானும் இதை வெட்டாமல் விடுகிறேன்.

ஆனால் இரண்டு வருடத்தைப் பற்றி நீங்கள் ஒரு சொல்லும் எழுதவில்லை. வளையம் எழுதினீர்கள், கூரை எழுதினீர்கள், அருள்நாயகி அக்காவை எழுதினீர்கள். கேட்ட கேள்வியை மட்டும் சுற்றிக்கொண்டு போய்விட்டீர்கள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், நான் திரும்பி வந்துவிடுவேன், மனவருத்தத்தோடாவது வருவேன். பேசாமல் இருந்து என்னையே முடிவெடுக்கப் பண்ணிவிட்டு, பிறகு ஏழு மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிற விளையாட்டுக்கு மட்டும் நான் இனி வரமாட்டேன்.

நகுலேஸ்வரி


வால்தம்ஸ்டோ
3.5.2024

நகுலாவுக்கு,

நீர் இங்கேயிருந்து திரும்ப விமானம் ஏறி இரண்டு நாள். இந்தக் கடிதம் உம்மை வந்தடையும்போது பேராசிரியருக்குப் பதில் சொல்ல நாலைந்து நாள்தான் இருக்கும். அதனால் விரைவுத் தபாலில் போடுகிறேன். போனில் சொல்லலாமே என்று கேட்பீர். சொல்ல ஏலாது. ஏன் என்று கடைசியில் எழுதுகிறேன்.

திறப்பன்றைக்கு உமக்குச் சுவரின் அந்தப் பக்கம்தான் தெரியும். என் பக்கம் இப்படித்தான் இருந்தது. காலமை பத்து மணிக்குப் பெரிவான் வாசலில் ஒரு சிவப்புத் துணியைத் தொங்கவிட்டா. "இனி நீங்களும் உள்ளுக்கு வரக்கூடாது, மிஸ்டர் ராஜா" என்றா. அஞ்சு மாதம் நான் பாடுபட்ட இடம், ஒரு சனமும் குளிக்கிறதை நான் பார்க்க ஏலாது. பொயிலர் அறையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு, சூட்டுமானியைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தேன். பொந்தால் தண்ணீர்ச் சத்தம் வந்தது. கிண்ணங்கள் கல்லில் படுகிற சத்தம். துருக்கியில் கதை, குர்திஷில் கதை, ஆங்கிலத்தில் கதை. ஒருவரும் கூரையிலிருந்து சொட்டுது என்று சொல்லவில்லை. தொட்டி ஒழுகுது என்று சொல்லவில்லை. இதுவே எனக்குப் போதும் என்று ஆருக்காவது சொல்ல ஆசையாய் இருந்தது, பக்கத்தில் ஆளில்லை.

பதினொன்றரை இருக்கும். சுவரில் மூன்று தட்டு. பிறகு ஒரு சத்தம்:

"இஞ்சாருங்கோ, சூடு காணாது!"

"ஓம், கூட்டிவிடுறன்" என்று சொல்லிவிட்டேன். கை வால்வில் இருந்தது. அரைச் சுற்றுத் திருப்பின பிறகுதான், என்னடா இது, தமிழ் என்று பட்டது. பிறகு, லண்டனில் இஞ்சாருங்கோ என்று என்னைக் கூப்பிடுகிற ஆள் ஒரே ஆள்தானே என்று பட்டது. அந்தப் பக்கம் நீரும் கோசிகாவும் பெரிவானும் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது. ஏழு மாதமும் ஆறு நாளும் கட்டிக்காத்த சபதம், ஒரு வால்வோடு போயிற்று.

நீர் தலைமயிரில் தண்ணீர் சொட்டச் சொட்டப் பின்பக்கத்தால் வந்து நின்றபோது நான் என்ன சொன்னேன் என்று உமக்குத் தெரியும். "சளி பிடிக்கப்போகுது, துடையும்" என்றேன். கோசிகா இப்போதும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள். அதற்குமேல் வந்திருந்தால் நான் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதிருப்பேன்.

நாலு நாள் எல்லாம் கதைத்தோம். ரசம் வைத்துத் தந்தீர். செவ்வாய்க்கிழமை சாப்பிட்ட பிறகு குசினி மேசையில் இருந்து கேட்டீர், "சொல்லுங்கோ, ரெண்டு வருசம் நிக்கட்டோ?" நான் எழும்பிப் போய் மஞ்சள் மூடிப் போத்தலை எடுத்துத் துடைத்துத் திரும்ப அதே இடத்தில் வைத்தேன். புதன்கிழமை விமான நிலையத்தில் என் சேட்டுப் பொத்தானைச் சரிசெய்துவிட்டுப் போனீர்.

வேண்டாம் என்று நினைத்து நான் பேசாமல் இருக்கவில்லை. வாயைத் திறந்தால் குரல் உடையும் என்று பயந்தேன். அதுதான் காரணம், வேறொன்றும் இல்லை. முதல் கடிதம் எழுதினது வீம்புக்கு. இது அப்படியில்லை. சில விசயம் எனக்கு எழுதத்தான் வரும் என்று இப்போதுதான் தெரிந்தது.

பெரிவான் திரும்பவும் கேட்டா, உங்கள் மனிசி என்ன படிக்கிறா என்று. இந்த முறை சொன்னேன். எண்ணூறு வருடத்துக்கு முதல் தண்ணீரும் நெருப்பும் ஒரு கட்டடத்துக்குள் எப்படி ஓடினது என்று படிக்கிறா என்றேன். சரியாய்ச் சொன்னேனோ தெரியாது, பிழையென்றால் திருத்தும்.

ஆனி பதினாலாம் திகதிக்கு எனக்கு அங்கே வர விமான ரிக்கற் போட்டிருக்கிறேன். அந்த ஈயம் அடைத்த தொட்டியைக் காட்ட வேணும். அதை அடைத்தவனின் கைவேலையை நான் தொட்டுப் பார்க்க வேணும். ரோர்ச் நான் கொண்டுவருகிறேன், இந்த முறை பிடிக்கிறதும் நான்தான்.

நிக்கட்டோ என்று நீர் கேட்டதுக்கு, அன்றைக்குச் சுவருக்குப் பின்னால் இருந்து யோசிக்காமல் சொன்னதையே, இப்போது நன்றாய் யோசித்து எழுதுகிறேன்.

ஓம்.

சண்முகராசா